தட்டு மாற்றும் நேரத்தில்

மகள் கவிதாவுக்கு அடிக்கடி மூச்சு வாங்கியது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயத் தசை தடிச்சிருக்கு. மாத்திரை போட்டுட்டு நல்லா இருக்கலாம். ஆனா இது பரம்பரையா வர்றது. இறந்துபோன இவங்க அப்பாவுக்கும் இருந்திருக்கலாம். அவர் கூடப் பிறந்தவங்களும் எக்கோ எடுக்கணும்" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. "வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்டி" என்று அவள் வாயையும் அடைத்தேன்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரத்தில் கவிதா எழுந்தாள்.

"எனக்கு ஹார்ட்ல பிரச்சனை இருக்கு. அப்பா வழியில வந்ததா இருக்கலாம். பொறக்கிற குழந்தைக்கும் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

எங்கள் தட்டைப் பிடித்திருந்த என் கொழுந்தனார் மெல்லக் கேட்டார்: "எனக்கும் இருக்குமா பாப்பா? மாடி ஏறினா கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"நாளைக்கே டெஸ்ட் பண்ணிடலாம் சித்தப்பா" என்று கவிதா அவரை உட்கார வைத்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, "பர்வால்லமா, மறைக்காம சொன்ன பொண்ணு எங்களுக்குப் போதும்" என்று தட்டைத் திரும்ப எடுத்தார்.

கொழுந்தனாருக்கும் அதே தடிப்பு. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கவிதாவின் வாய் அன்று அடைபட்டே இருந்திருந்தால், அவள் கல்யாணத்துக்கு அவர் இருந்திருப்பாரா?