திராட்சை சோடாவும் பால் வராத மேசையும்

அன்றைக்கு என் மகள் ஏன் சாப்பிட்டாள்? ஒரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

குழந்தை சாப்பிட்டது ஒரு செய்தியா என்று நினைப்பவர்களுக்கு வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளை வாய்த்திருக்காது. என் மகளுக்கு நான்கு வயது. கைப்பேசியில் பொம்மைப் படம் ஓடினால் வாய் தானாகத் திறக்கும். படம் முடிந்ததும் கன்னத்தில் அடக்கி வைத்த இட்லி முழுவதும் என் கையிலேயே திரும்பி வரும். குழந்தைகள் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் ஏறலைன்னா ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றார். அந்தக் குச்சிக் கையில் எங்கே ஊசி போடுவார்கள் என்று வீடு வரும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எது இறங்காவிட்டாலும் பால் இறங்கும். எழுந்ததும் பால், சாப்பாட்டுக்கு முன்னால் தெம்புக்குப் பால், சாப்பிடவில்லையே என்று மறுபடியும் பால். வெளியே கிளம்பினால் பிளாஸ்க் இல்லாமல் கிளம்ப மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் இங்கே பெங்களூர் தொம்மலூரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். அவருடைய அலுவலகத்துக்குப் பின்தெரு. யூதர்களின் சாப்பாட்டுக் கடை, டெலி என்று பெயர், ஆபீஸில் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். நாங்கள் வேலூரிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணிக்கு மேல் யோசித்ததில்லை. கிளம்பும் அவசரத்தில் காலைப் பாலைக் கொடுக்க முடியவில்லை. கடையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று பிளாஸ்கைப் பையில் வைத்தேன்.

ஒரு வீட்டின் கீழ்த்தளம், நான்கைந்து மேசை, அவ்வளவுதான் கடை. நடத்துகிற அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். சமைப்பது அவருடைய கணவர், அமெரிக்காவிலிருந்து வந்த யூதர். கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கறி என்ன கறிங்க?" என்று முதல் வேலையாகக் கேட்டேன்.

"கோழிதான்மா, பயப்படாதீங்க. மிளகு தடவி ஊற வெச்சு, புகையில வாட்டறது."

நான் பிளாஸ்கைத் திறந்து மூடியில் பாலை ஊற்றினேன். அந்த அம்மா ஓடியே வந்துவிட்டார்.

"ஐயோ, பால் வேணாம்மா! தப்பா எடுத்துக்காதீங்க. கறி வர்ற மேசையில பால் வராது. எங்க வீட்டுக்காரர் மதத்து வழக்கம் அது. எனக்கே காபி பின்பக்கம் நின்னுதான்."

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சொல்ல முடியும் என்றே நான் நினைத்ததில்லை. வெளியே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து வெறும் வயிறுங்க" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "உங்க அம்மா வீட்ல மீன் கொழம்பு அன்னிக்கு யாராவது தயிர் கேட்டா, உங்கம்மா மொறைப்பாங்களே. அது மாதிரிதான். மூடி வைம்மா."

நான் மூடி வைப்பதற்குள் மகள் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் வந்துவிட்டது. ஊதா நிறத்தில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சோடா. எங்கள் வீட்டில் நான் வாசற்படி ஏறவிடாத பொருள்.

"அவர் ஊர்ல இந்தச் சாப்பாட்டுக்கு செர்ரி சோடாதான் குடிப்பாங்களாம்" என்றார் அந்த அம்மா. "அதுக்கு நான் எங்க போறது? நம்ம பன்னீர் திராட்சையைக் காய்ச்சி சோடா ஊத்திக் குடுத்தேன். இப்ப இதைத்தான் கேக்கறாரு, செர்ரியையே மறந்துட்டாரு மனுஷன்."

வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது என் மகள் குடித்துவிட்டாள். காற்று மூக்கில் ஏறியது. கண் அகன்றது. கடையே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் விட்டாள். பிறகு, யாரும் சொல்லாமல், தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதலில் உப்புத் தண்ணீரில் பூண்டோடு ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. புளிப்பில் முகம் சுருங்கியது. துப்பப் போகிறாள் என்று கையை நீட்டினேன். துப்பவில்லை. ஒரு வாய் சோடா. அடுத்து கோழித் துண்டுகள் அடுக்கிய கறுத்த ரொட்டி. நான் பிய்த்து ஊட்டப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு, "நானே" என்றாள். சூப்பில் மிதந்த ரொட்டித்தூள் உருண்டையைக் கரண்டியால் துரத்திப் பிடித்துத் தின்றாள். ரொட்டியில் தடவியிருந்த கடுகு விழுது காரமாக இருந்திருக்க வேண்டும், மூக்கு ஒழுகியது. அதோடும் மென்றாள். மென்று விழுங்கினாள். அவள் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாக்கா பாப்பா, போதுமா? இன்னும் வேணுமா?" என்று அந்த அம்மா கன்னடம் கலந்து கேட்டார்.

"வேணும்."

அந்தச் சொல்லை அவள் சாப்பாட்டைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன். என் கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாந்தி வரும் என்று காத்திருந்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வழக்கம்போல் பால், தோசை, மூடிய வாய். சோடாதான் காரணமோ என்று பன்னீர் திராட்சை வாங்கிக் காய்ச்சினேன். சோடாவைக் குடித்தாள், தோசை அப்படியே இருந்தது. தனியாகச் சாப்பிட விட்டேன். தோசையைக் கிழித்துப் பூனை செய்தாள்.

"பாலை நிறுத்திப் பாரேன்" என்றார் என் கணவர். "அன்னிக்கு அது ஒண்ணுதான வித்தியாசம்?"

"சோடாவும் இருந்துச்சு. ஊறுகாயும் இருந்துச்சு. மழை கூடத்தான் பெஞ்சுது."

"மழையை நான் வர வைக்க முடியாது. பாலை நீ நிறுத்தலாம்."

வீடியோ காலில் மாமியார் அதைக் கேட்டுவிட்டார். "எலும்பும் தோலுமா கெடக்கற புள்ளைக்குப் பாலையும் நிறுத்துவீங்களா? நல்லா இருக்குதுடியம்மா உங்க பெங்களூர் வளர்ப்பு!" என்றார்.

ஒரு நாள் நிறுத்தியும் பார்த்தேன். காலையில் கால் தோசை போயிற்று. பத்து மணிக்கு அவள் சோபாவில் சாய்ந்து படுத்தாள். மயக்கமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. உடனே பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டேன். விளையாடிக் களைத்துப் படுத்தாளா, பசியில் படுத்தாளா என்று அதன் பிறகுதான் யோசித்தேன். பொறுத்திருந்தால் மதியம் சாப்பிட்டிருப்பாளோ என்னவோ.

அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டும். அவரிடமும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் அவர் குறைக்கச் சொன்னாலும், குழந்தை அழும்போது பால் பாத்திரத்தைத் தொடாமல் என்னால் நிற்க முடியுமா என்பதுதான் என் பயம். உங்களில் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்: பாலை எப்படிக் குறைத்தீர்கள்? பிள்ளை பசியென்று சொல்லும்வரை எப்படிக் காத்திருந்தீர்கள்? அந்த நேரத்தில் உங்கள் கைகளை என்ன செய்தீர்கள்?