முனியாண்டி முடக்கில் நின்ற பஸ்

பொன்னையாவுக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனபிறகு, ரோடு வளைகிற முடக்கில் இருக்கிற முனியாண்டிக்கு விளக்கேற்றுவதே அவர் வாழ்க்கை என்றாகிவிட்டது. தோட்டத்துச் சனம் அவர் பேச்சைத் தட்டாது. சாமியைத் தொடுகிறவர், தனக்கென்று எதுவும் கேட்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் வினையாகிப்போனது.

றொசல்லப் பக்கம், காடாகிக் கிடந்த தேயிலை மலையில் பெரிய விளையாட்டுப் பூங்கா ஒன்று திறந்தார்கள். ராட்டினம், தண்ணிச் சறுக்கு என்று வெளியூர்ச் சனம் வந்து குவிந்தது. அதுவரை தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு லயத்து வீடுகளுக்கு ஏறி இறங்கிய பஸ்ஸைப் பூங்காவரைக்கும் விடலாம் என்று பேச்சு வந்தது. எந்த வழியாக விடுவது என்று விசாரிக்க வந்த அதிகாரி ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மேக்கணக்கால சுத்தி விடுறதோ, இந்தக் கோயில் ரோட்டால நேர விடுறதோ? நீங்களே சொல்லுங்கோ பூசாரியார்."

"கோயில் ரோடே நல்லதுங்க. வாற சனம் சாமிய ஒருக்கா கும்பிட்டுட்டுப் போகட்டும்."

மறுத்துப் பேச ஆளில்லை. மேக்கணக்குச் சனம் அந்நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. டிரைவர் முடக்கில் நிறுத்துவார். பொன்னையா முன்கண்ணாடியில் திருநீறு பூசுவார். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் கூப்பும். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மேக்கணக்கு ராசம்மா வந்தாள். இழுப்புக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவள், கோயில் படியில் உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடினாள்.

"இன்னும் மேல ஏறணுமேண்ணே. பஸ்ஸ மாத்துன மகராசன் எவன்னு தெரியல. அவன் மனச எளக வைக்கச் சொல்லி சாமிகிட்ட கேளுங்க."

திருநீறு எடுத்த கை அவள் நெற்றிக்கு எழும்பவில்லை. தட்டையே நீட்டினார்.

"நீயே எடுத்துக்க தாயி."

மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி ஜெயரத்தினத்தைத் தேடிப் போனார்.

"நீங்கள்தானே கோயில் ரோட்டைக் கேட்டனீங்கள்?"

"சாமி பேரச் சொல்லி எனக்குன்னு கேட்டுட்டேங்க. மேக்கணக்கால சுத்தியே விடுங்க."

"பிறகு உங்கட கோயிலடிக்கு பஸ் வராது. விளங்குதோ?"

"விளங்குதுங்க."

பஸ்ஸின் வழி மாறியது. ராசம்மா பூங்கா வாசலில் இறங்கி, கிட்டத்திலிருந்த கோயிலுக்குத் தேங்காயோடு வந்தாள்.

"சாமி கேட்டுருச்சுண்ணே!"

உடைத்த தேங்காயில் ஒரு மூடி பூசாரிக்கு. அது வழக்கம். பொன்னையா இரண்டு மூடியையும் அவள் கூடையிலேயே வைத்தார்.

"எனக்கு வேணாம் தாயி. பஸ்ஸ இந்தப் பக்கம் திருப்பி ஒன்ன நடக்க விட்டது நான்தான்."

ராசம்மா கூடையிலிருந்த மூடிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்களையாண்ணே அன்னைக்கு மகராசன்னு சொன்னேன்?" என்றாள். பிறகு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ரெண்டு மூடியும் எனக்கே இருக்கட்டும். பூசாரி மூடிய அடுத்த வெள்ளிக்குப் பாப்போம்."

சொல்லிவிட்டுப் பூங்கா வாசலுக்கு நடந்தாள். அவளை ஏற்றிய பஸ் முக்கி முக்கி மேலே ஏறுகிற சத்தம் தேய்கிறவரைக்கும் பொன்னையா தட்டோடு நின்றார். அதிலிருந்த திருநீற்றைத் தொட அவருக்கு இன்னும் விரல் கூசியது.