எந்தப் பக்கம் அக்காவும் பெயர் வைக்காத நோயும்

ஆஸ்பத்திரியில் என் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தப் பக்கம் அக்கா என்றுதான் சொல்வார்கள். டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீட்டு எண், அவர்கள் பாஷையில் 'கோடு', இருக்கிறது. அது இல்லாமல் இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த எண் போடுவதுதான் இவள் வேலை. கை உடைந்தது என்று எழுதினால் மட்டும் போதாது. வலதுக்கு ஒரு எண், இடதுக்கு ஒரு எண். அதனால் நாள் பூராவும் போனில் "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டிலும் விடுவதில்லை. முட்டி வலிக்கிறது என்று முனகினால் தைலத்துக்கு முன்னால் கேள்வி வரும். எந்த முட்டி, விழுந்தீர்களா இடித்துக்கொண்டீர்களா, படியிலா பாத்ரூமிலா. பதில் சொல்லி முடிப்பதற்குள் வலி பயந்து ஓடிவிடும்.

நான் எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கூட்டிவந்து கொண்டுவிடும் வேனை ஓட்டுகிறேன். அவளும் முதலில் அங்கே சலவைப் பிரிவில்தான் சேர்ந்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் தலையணை மாதிரி தடித்த கோடு புத்தகம் என்று நின்றபடியே படித்தாள். முதல் தடவை பரீட்சையில் கோட்டை விட்டு, என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள், ஏதோ நான்தான் கேள்வித்தாள் தயாரித்த மாதிரி. அடுத்த தடவை தேறி, மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டாள்.

அந்த நாற்காலிக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. டாக்டர் எழுதியதற்குத்தான் எண் போடலாம். இவளுக்கு விஷயம் புரிந்திருந்தாலும், இந்த நோய்தானே என்று டாக்டர் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. கேள்வி கேட்கலாம், பதிலை ஊட்டக் கூடாது.

போன மாதம் இந்தச் சட்டம் எங்கள் இரண்டு பேரையும் ஓட ஓட விரட்டியது.

என் வேனில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா வருவார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊறுவதில்லை. நெஞ்சில் சளி கட்டி இந்த வருஷமே இரண்டு முறை படுத்துவிட்டார். எந்த வேனில் ஏறினாலும் தன் கதையை முழுசாகச் சொல்லிவிடும் ரகம். அவருக்கு மாதாமாதம் ஒரு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அன்றைக்கு முதல் தடவை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று, மருந்தும் கீழே பார்மஸி ஃப்ரிட்ஜில் வந்து நிற்கிறது. இன்சூரன்ஸ்காரன் மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். காரணம், கோடு. 'வகைப்படுத்தப்படாத நோயெதிர்ப்புக் கோளாறு' என்று இருந்ததாம். வகையே தெரியாத நோய்க்கு இவ்வளவு பெரிய மருந்தா என்று கேட்டானாம். நாலு மணிக்குள் அனுமதி வராவிட்டால் மருந்தை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் பார்மஸிக்காரர்.

டாக்டர் மேலும் தப்பில்லை. முதல் நாள் பார்த்தபோது பரிசோதனை முடிவு எதுவும் வரவில்லை, தெரிந்ததை எழுதினார். முடிவுகள் வந்த பிறகு இவள் காலையிலேயே கம்ப்யூட்டரில் கேள்வி அனுப்பியிருக்கிறாள்: 'நோயறிதலை மேலும் துல்லியப்படுத்த இயலுமா?' டாக்டர் ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டார்: 'இயலாது.' சட்டத்துக்குப் பயந்து பயந்து, எந்த நோயாளி, எந்த முடிவு, எதற்காக என்ற எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு வெறும் எலும்பை அனுப்பியிருக்கிறாள். ஒரு நாளைக்கு இப்படி நூறு வரும் அந்த மனுஷனுக்கு.

டாக்டரோ ஒரு வாரம் லீவில் கிளம்பிவிட்டார். இவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கீழ பார்க்கிங்ல."

"டாக்டர் கார் வெளிய போகக் கூடாது. என்ன செய்வீங்களோ தெரியாது."

யோசிக்கவில்லை. வேனை எடுத்துக் கொண்டுபோய் வெளியே ஏறும் சரிவில் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, முதலில் வந்த காரே அவருடையது. ஹாரன் காதைக் கிழித்தது. பின்னால் இன்னும் நாலு கார். எல்லோரும் என் வம்சத்தை விசாரிக்க ஆரம்பித்த நேரத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மாடிப்படியில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி இவள் வந்து சேர்ந்தாள், மூச்சு இழுக்க இழுக்க.

அந்த நோயின் பெயர் எனக்குத் தெரியும். வெளியூரில் ஒரு டாக்டர் சொன்னார் என்று நீச்சல் அம்மா வேனில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நாக்கு நுனியில் நிற்கிறது. "சார், அது வந்து..." என்று வாயைத் திறந்தேன். இவள் என் காலை ஓங்கி மிதித்தாள். "நீங்க பேசினா நான் வேலையில இருக்க முடியாது" என்றாள் பல்லுக்கு நடுவில்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், காலையில நான் கேட்ட விதம் சரியில்ல, மன்னிச்சுடுங்க. இந்தப் பேஷண்டுக்கு ரத்தத்துல மூணு எதிர்ப்புப் புரதமும் குறைவுன்னு வந்திருக்கு. தடுப்பூசி போட்டும் ரத்தத்துல எதிர்ப்பு வரலைன்னு நேத்து வந்திருக்கு. நிமோனியா ரெண்டு தடவ. இதையெல்லாம் வச்சு நீங்க இத என்னன்னு சொல்வீங்க? சொல்ல முடியலன்னாலும் சரி, அதையே எழுதுங்க."

அவ்வளவுதான். பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

"நேத்தா வந்துச்சு? நான் பார்க்கலையேம்மா" என்று டாக்டர் இறங்கினார். கார் மூக்கின் மேல் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒவ்வொரு முடிவாகப் படித்தார். பின்னால் ஹாரன் அலறுகிறது, அவர் நிமிரவே இல்லை. ஒரு இடத்தில் நின்று இன்னொரு தடவை படித்தார். பிறகு தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். என் நாக்கு நுனியில் இருந்த அதே பெயர்! சத்தம் போட்டுக் குதித்துவிட்டேன், ஐம்பதை நெருங்குகிற ஆள்.

வேனை எடுத்து வழி விட்டேன். அவள் மறுபடி மாடிக்கு ஓடினாள். புது எண்ணைப் போட்டு அனுப்பினாள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். நான் பார்மஸி ஜன்னலில் நின்று, மருந்துப் பெட்டியை எடுத்துப்போக வந்தவனைப் பேச்சுக் கொடுத்தே பிடித்துவைத்தேன். அவன் மாமியார் வரைக்கும் விசாரித்தாயிற்று. நாலு மணிக்குச் சற்று முன்னால் பார்மஸிக்காரரின் கம்ப்யூட்டர் திரை பச்சையாக மாறியது, அனுமதி வந்துவிட்டது. அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில்களைத் தானே தூக்கிக்கொண்டு மேலே நடந்தார்.

மருந்து இறங்க ஆரம்பித்த பிறகு எட்டிப் பார்த்தேன். நீச்சல் அம்மா கையை அசைக்காமல், சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிய நேரமாகுமாம். உங்க ட்யூட்டி முடிஞ்சுடுமே?" என்றார்.

"முடியட்டும். நீங்க மெதுவா ஏத்திக்கிட்டு வாங்க. வண்டி இங்கதான் நிக்கும்" என்றேன்.