பனியென்று வணங்கிய மூன்று விடியல்கள்

மார்கழியில் பத்து விடியல்கள் பாடிச்சென்று, ஒழுங்கை ஒழுங்கையாகத் தெருச்சுற்றி வீடுகளை எழுப்புவது எங்கள் ஊர் வழக்கம். நான் பாடுவேன், அயல்வீட்டு நண்பர் சங்கூதுவார். இழுப்பு நோய்கொண்ட அந்த மெலிந்த நெஞ்சுக்குள் அத்தனை பெரிய நாதம் எங்கே குடியிருந்ததென்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

அந்த ஆண்டு நான்காம் விடியலில் வெண்பனிக்குள் ஊரே மறைந்திருந்தது. பனைகளுக்குத் தலை மட்டும் இருந்தது, அடி இல்லை. வாசற் படலைகளில் வைத்த விளக்குகள் குளத்தில் விழுந்த மஞ்சள் பூக்களைப்போல் மிதந்தன. இறைவன் தன் திருநீற்றை ஊரெங்கும் தூவிவிட்டான் என்றெண்ணி மெய்சிலிர்த்துக் கைகூப்பினேன். தொண்டை மட்டும் சற்றே கரித்தது.

விழித்தெழுந்து எங்கள் பின்னால் வந்தவர்களின் கண்ணுக்கு நாங்கள் தெரியவில்லை.

“தெரு திரும்பிற முடக்குக்கு முடக்கு ஊதும் காணும், சனம் வழி தவறப்போகுது” என்றேன்.

“உம்மடை பாட்டுக்கு ஆர் எழும்பினது? எல்லாம் என்ரை சங்குக்குத்தானே” என்று சிரித்துவிட்டு ஊதினார்.

அடுத்த நாளும் அவ்வாறே நடந்தோம். பனி மூடிய மூன்றாம் நாள், ஊதி முடித்தவர் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

“நெஞ்சுக்குள்ளை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு.”

உதடுகள் நாவற்பழ நிறமாகியிருந்தன. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். மதியத்துக்கு முன்பே அந்த மூச்சு அடங்கிற்று.

இளம் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, உது பனியில்லை. தூரத்திலையிருந்து காத்தோடை வந்த புகை. பலவீனமான நெஞ்சுக்கு ரண்டு மூண்டு நாளே போதும். உலகமெங்கும் இப்பிடிச் சனம் சாகுது. நாங்கள் மாரடைப்பு எண்டுதான் எழுதுறம்.”

திருநீறென்று நான் கைகூப்பியதை, என் சொற்கேட்டு, அவர் முழு மூச்சாக உள்ளிழுத்திருந்தார்.

மறுநாளும் அந்தப் புகை கலையவில்லை. ஈரத் துவாயால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தனியே ஒழுங்கையில் இறங்கினேன். பாடவில்லை. முதியவர்களும் இழுப்புக்காரரும் இருந்த வீடுகளின் படலைகளைத் தட்டி, “இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கை இருங்கோ” என்றேன்.

குளித்து, நீறு பூசி, புறப்பட ஆயத்தமாக நின்ற ஒரு முதியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னையா, எழுப்பவேண்டிய நீங்களே படுக்கச் சொல்லுறியள்?”

“ஓமணை ஆச்சி, போய்ப் படுங்கோ” என்றுவிட்டு அடுத்த படலையைத் தேடி நடந்தேன்.