கண்ணாடி அண்ணனும் ஒன்பது பங்கு ஈரமும்

எங்கள் இரும்புத் தாது ஆலையின் வடிகட்டிக் கூடத்தில் தலைமை ஆபரேட்டருக்குக் 'கண்ணாடி அண்ணன்' என்று பட்டம் வைத்தது நான்தான். யார் வந்தாலும் வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, "பாரு, குடிக்கலாம்!" என்பார். குடித்தவர் யாருமில்லை, அவர் உட்பட.

அவர் வேலை தண்ணீரைத் தெளிய வைப்பதே அல்ல. தாதுக் குழம்பில் ஆளுயரத் தட்டுகள் சுழலும். தட்டில் போர்த்திய துணி வழியே பம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தாது துணிமேல் அப்பி நிற்கும். அதில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

மழைக்காலத்தில் சுரங்கத்திலிருந்து களிமண் கலந்த தாது வந்தது. வடிந்த தண்ணீர் கலங்கியது. கலங்கினால் என்ன, அது திரும்பத் தொட்டிக்குத்தான் போகிறது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நெருக்கமாக நெய்த துணியை எல்லாத் தட்டுகளிலும் மாட்ட வைத்தார். தண்ணீர் பளிங்காக வந்தது, தாது சொதசொதவென்று விழுந்தது. களிமண் துணியின் கண்களை அடைத்துக்கொண்டது என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். அவரோ பம்பைத் திட்டினார், நான் ரொம்பப் பொடியாக அரைத்துவிட்டேன் என்று தாது அரைக்கும் மில்காரனான என்னைத் திட்டினார். துணியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சாயந்தரமும் ஈரமா வந்தா, நாளையிலேர்ந்து நீங்க தாது போற பெல்ட்டுக்கு அடியில கூட்டப் போங்க" என்றார் மேனேஜர்.

ஆய்வுக்கூடத்தில் ஈரம் பார்ப்பது அண்ணனின் மனைவி. அண்ணன் நேரே அங்கே ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"பதினொண்ணு வருது" என்றார் அண்ணி.

"ஒம்பதுன்னு சொல்லிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே! வீட்டுல நீங்க விடற கதையெல்லாம் கேட்டுக்கறேன். இங்க தராசு சொல்றதுதான். போய்த் துணியை மாத்துங்க."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. பழைய இளக்கமான துணியை ஒரே ஒரு தட்டில் மாட்டிப் பார்த்தார். தண்ணீர் செக்கச்செவேலென்று ஒழுகியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தத் தட்டிலிருந்து மட்டும் தாது பொலபொலவென்று உதிர்ந்தது. மற்ற தட்டுகளுக்கும் தானே ஏறி மாட்டினார்.

சாயந்தரம் அண்ணி தாதுவை உலர்த்தி எடை போட்டார். "எட்டரை."

"நிஜமாவா? எனக்காகக் குறைச்சுச் சொல்லலையே?"

"காலையில அவ்வளவு கெஞ்சினீங்க, குறைச்சேனா?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"எட்டரை சார். பார்த்தது என் பொண்டாட்டி."