தேங்காய்த் தண்ணீர் தெறித்த வக்கீல்

கொல்லம் ஆண்டு 1113 கர்க்கடகம் 9, அதாவது ஆடி 9 என்று தேதியிட்ட சம்மன் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘மத்தியபானம் செய்து மோட்டார் ஓட்டியது’ என்று என் தம்பி தாணுவின் பெயருக்கு நேரே மலையாளத்தில் எழுதியிருக்கிறது; குடித்துவிட்டு ஓட்டினான் என்று அர்த்தம். அன்பர்களே, அதை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் ஆறும்வரை காத்திருந்தால் இதை எழுதவே முடியாது.

தாணு, ஆரியசாலை மளிகை வியாபாரி ஒருவரின் காரை ஓட்டிவந்தான். ஆடி 4 காலை, தெருமுனையில் மிளகாய்வற்றல் ஏற்றிய மாட்டுவண்டியின் சக்கரத்தில் கார் மோதியது. வண்டிக்காரர் விழுந்து மணிக்கட்டு பிசகியது. ஓடிவந்த போலீஸ்காரர் தாணுவின் வாயை மோந்து பார்த்தார். சாராயம் என்றார். தாணு தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவேயில்லை.

அவன் குடிப்பவன் அல்ல. வீட்டில் கேட்டேன், வாய் திறக்கவில்லை. தண்டனை விழுந்தால் லைசென்சு போகும். வேறு தொழில் தெரியாதவன். மனைவி இரண்டாவது பிள்ளை பெற்று எழுந்து நடமாடக்கூட ஆரம்பிக்கவில்லை. சாலைக் கடைவீதியில் நான் போனால் முதுகுக்குப் பின்னால் கேட்கும்: “பெட்ரோலுக்குப் பதிலா சாராயத்தை ஊத்தி ஓட்டினானாம்லா!”

முதலில் பார்த்த வக்கீல் காகிதத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. “குற்றம் சம்மதிச்சுக்கோ பிள்ளே. பிழை, அதான் அபராதம், கெட்டீட்டுப் போகாம். எதுக்கு வெறுதே வழக்காடணும்?” என்றார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டுமா?

ஆடி 12 காலை கிழக்கேகோட்டைக்குப் போனேன். அங்குள்ள பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வேண்டுவது வழக்கம். நான் வேண்டவில்லை, சண்டை போட்டேன். ‘உமக்குக் கண் இருந்தால் எனக்கு ஒரு ஆளைக் காட்டும்’ என்று மனத்துக்குள் கத்தி, தேங்காயை ஓங்கி அடித்தேன். தண்ணீர் பக்கத்தில் நின்றவரின் வெள்ளைக் கோட்டில் தெறித்தது.

“ஓய்! தேங்காயை உடைக்கறீரா, யார் மண்டையையாவது உடைக்கறீரா?”

“போலீஸ்காரன் மண்டைய” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். “அப்போ உமக்கு நான் வேணும். நான் வக்கீல்.” கோட்டைக்குள் அக்ரகாரத்தில் வீடு. அப்போதே கூட்டிப்போய் விவரம் கேட்டார். பிறகு தாணுவை வரச்சொல்லி, என்னை வெளியே அனுப்பாமலே விசாரித்தார்.

“என்னத்தைக் குடிச்சாய்? சொல்லு.”

“சொல்ல முடியாது சாமி. ஜெயிலுக்குப் போறேன்.”

“ஜெயிலுக்குப் போனா மட்டும் மானம் மிஞ்சுமோ?”

தாணு அழுதுவிட்டான். முந்தின நாள் கல்லாறுவரை மழையில் கார் ஓட்டிவிட்டு வந்து உடம்பெல்லாம் வலி. காலையில் மனைவியின் தசமூலாரிஷ்டத்தை இரண்டு வாய் குடித்திருக்கிறான். பிள்ளை பெற்றவளுக்கு வைத்தியர் கொடுத்த மருந்து; புளிக்கவைத்தது என்பதால் சாராய வாடை அடிக்கும். “பேறுகால மருந்தக் குடிச்சான்னு ஊரு சிரிக்கும்லா அண்ணாச்சி” என்றான். குடிகாரன் என்ற பெயரைவிட அது பெரிய வெட்கமாம்! அவனை அறையக் கை ஓங்கினேன். வக்கீல் பிடித்துக்கொண்டார்.

ஆவணி 6, கோர்ட்டுக் கச்சேரியில் வக்கீல் அரிஷ்டக் குப்பியைப் போலீஸ்காரரிடம் நீட்டினார். “அன்னைக்கு வந்தது இந்த மணம்தானா?”

அவர் மோந்து பார்த்து, “இதே மணம்” என்றார்.

அடுத்து, எங்களுக்கு எதிராகச் சொல்வார் என்று நாங்கள் பயந்த வண்டிக்காரர் கூண்டில் ஏறினார். “இவன் ஆடலை, அசையலை. இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கினான். தண்ணி குடுத்தான். பிரேக் பிடிக்காம வந்தது இவன் தப்பு. குடிச்சவன் இல்லை எஜமானே.”

தாணு எல்லோர் முன்னும் மருந்தின் பெயரைச் சொன்னான். மாஜிஸ்திரேட் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். கவனக்குறைவுக்கு மட்டும் அபராதம் விதித்தார், அது நியாயம். குடித்த குற்றம் தள்ளுபடியானது. லைசென்சு தப்பியது.

தாணு இப்போது வெட்கத்துக்காக எதையும் மறைப்பதில்லை. நான் கோயிலுக்கு நல்ல பிள்ளைபோல் போவதை விட்டுவிட்டேன். கோபம் வந்தால் கோபத்தோடே போகிறேன். நீங்களும் போங்கள். பவ்வியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையார் உங்கள் சத்தத்துக்குப் பயந்தவர் அல்லர்.

ஒன்று மட்டும் எழுதிவைக்க வேண்டும். வக்கீல் அந்தக் கோயிலுக்கு மாலையில்தான் போவாராம். அன்று காலை ஏன் வந்தார் என்று அவரையே கேட்டேன். “ஞாபகமில்லை ஓய்” என்றார். பல்வலிக்கு நேர்ந்துகொண்டு போனார் என்கிறார் அவர் மனைவி. குமாஸ்தாவோ, கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனார் என்கிறார். எது உண்மை என்று இதுவரை எனக்கு உறுதியாகவில்லை.