கீற்றுக் குவியலுக்குள் கூப்பிட்டவர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று மரக்காணத்தில் என் உப்பளத்தைத் தாண்டித்தான் எவனும் கடலைப் பார்க்க முடியும். அப்படிப்பட்ட என்னையே ஒருவர் காக்க வைத்தார்.

உப்பை மூடியிருந்த பழைய கீற்றுகளைக் குவித்து, எரிக்க அனுமதி கேட்டிருந்தேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து அவர் வந்தார். ஒல்லியான ஆள், இடது புருவத்தில் முடியே இல்லை. சுற்றிலும் பள்ளம் வெட்டி, டிரம்களில் தண்ணீர் வைக்கச் சொன்னார். கடல்காற்று எழுவதற்குள் எரித்து முடிக்க வேண்டும் என்றார். எல்லாம் சரி. பிறகு குவியலைச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து உள்ளே கூப்பிட ஆரம்பித்தார்.

"யாருப்பா உள்ள? எழுந்து வெளிய வந்துடு."

என் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "காத்து கெளம்பிடும் சார். அதுக்குள்ள எவன் இருக்கப் போறான்?"

"அளத்துல மரம் ஏதுங்க? நிழலுக்குன்னு உள்ள பூந்து தூங்கிடுவாங்க. ஒரு வாட்டி நானும் உங்கள மாதிரிதான் அவசரப்பட்டேன்."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் ஆட்கள் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய பிறகே பற்றவைக்க விட்டார்.

தீ அடங்கியதும் எல்லோரையும் விலகச் சொல்லி, தானே தண்ணீர் ஊற்றினார். சூடு ஆறாத சாம்பலில் மண்டியிட்டு, வெறுங்கையால் வெகுநேரம் துழாவினார்.

"யாரும் இல்லப்பா," என்றார் மெல்ல. "யாருமே இல்ல."

என்னிடம் பேசியபோதெல்லாம் அவர் 'ங்க' போட்டுத்தான் பேசினார். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன் நான். அவர் அந்த 'இல்லப்பா'வை யாரிடம் சொன்னார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.